1393ல போட்ட பிரெமுனைரி சட்டம் போப்பை இங்கிலாந்தை விட்டு வெளியேத்திச்சா?

நீங்க கேட்டது இது. ஒரு வீடியோவுல 1393லயே இங்கிலாந்து பார்லிமெண்ட் பிரெமுனைரின்னு ஒரு சட்டம் போட்டு போப்பாண்டவரோட அதிகாரத்தை ராஜாவுக்குக் கீழ கொண்டு வந்துட்டாங்கன்னு சொன்னாங்க, அப்படின்னா எட்டாம் ஹென்றி 1534ல புதுசா என்ன செஞ்சாரு, நடுவுல 140 வருஷம் அந்த சட்டம் என்ன பண்ணிட்டு இருந்துச்சு. மேலோட்டமா பார்த்தா தேதி கேக்குற கேள்வி மாதிரி இருக்கு, ஆனா நீங்க உண்மையில கேக்குறது வேற: ஒரு சட்டத்துல எழுதியிருக்குறதும் அந்த சட்டத்தை வெச்சு பின்னாடி ஒருத்தர் செஞ்சதும் ஒண்ணா, அதுதான் உங்க கேள்வி. ரெண்டும் ஒண்ணு இல்ல, இந்த சட்டத்துல அது ரொம்ப தெளிவா தெரியும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நான் லா காலேஜ்ல இருபது வருஷத்துக்கு மேல சட்ட வரலாறு எடுத்தேன், இந்த சட்டத்தை வருஷா வருஷம் பசங்களுக்கு நடத்தியிருக்கேன். ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன், இதோட மூலம் அந்தக் கால கோர்ட்டுல ஓடின பிரெஞ்சு மொழியில இருக்கு, எனக்கு அது தெரியாது, அச்சுல வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெச்சுதான் பேசுறேன். அதனால ஒரு வார்த்தைக்கு இதுதான் சரியான அர்த்தம்னு அடிச்சு சொல்ற இடத்துல நான் இல்ல. யாரு என்ன செஞ்சாங்க, எந்த வருஷம், என்ன தண்டனை, இதெல்லாம் உறுதியா சொல்ல முடியும். ஏன் செஞ்சாங்கங்குற இடத்துல வரலாற்று ஆசிரியர்களுக்குள்ளயே சண்டை இருக்கு, அங்கங்க சொல்றேன்.

முதல்ல பேரு. ராஜாவோட கோர்ட்டுல இருந்து ஷெரீஃபுக்கு, அதாவது அந்த வட்டாரத்துல இருக்குற ராஜாவோட அதிகாரிக்கு, ஒரு ரிட், அதாவது எழுத்து உத்தரவு, போகும், அதுல லத்தீன்ல "இன்னாருக்கு முன்கூட்டி எச்சரிக்கை குடு, இந்த தேதியில எங்க முன்னாடி வந்து நிக்கச் சொல்லு"ன்னு இருக்கும். எச்சரிக்கைக்கு சரியான லத்தீன் சொல் பிரெமொனெரெ, அது வழக்குல தேஞ்சு பிரெமுனிரெ ஆயிடுச்சு, அந்த சொல்லுக்கு உண்மையான அர்த்தம் கோட்டை கட்டி பாதுகாக்குறது. ரிட்டுல வந்த அந்த சொல்லு பின்னாடி குற்றத்துக்கும் பேராச்சு, தண்டனைக்கும் பேராச்சு. "அவர் பிரெமுனைரியில மாட்டிக்கிட்டார்"னு அந்தக் காலத்துல சாதாரணமா சொல்லுவாங்க.

இப்ப சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு பாக்கலாம். இதுல பலபேரு நேரா ராஜா பெருசா போப் பெருசாங்குற சண்டைக்கு போயிடுறாங்க. எனக்கு பசங்ககிட்ட ஆரம்பிக்கும்போது பழக்கம், ஒரே ஒரு கிராமத்து கோயில்ல இருந்து ஆரம்பிப்பேன். ஒரு நிலப்பிரபு தன்னோட ஊர்ல ஒரு சர்ச் கட்டியிருக்கான். அந்த சர்ச்சுக்கு மானிய நிலம் இருக்கு, ஊர்ல விளையுறதுல பத்துல ஒரு பங்கு தசமபாகமா வருது. அந்த வருமானம் அங்க இருக்குற சர்ச் சாமியாருக்கு. யாரு அங்க சாமியாரா வரணும்னு பேரு சொல்ற உரிமை கட்டின குடும்பத்துக்கு. பிஷப் அந்த ஆள் தகுதி உள்ளவனான்னு பார்த்து பதவியில உக்கார வைப்பாரு. இந்தப் பேரு சொல்ற உரிமையை இங்கிலாந்து பொதுச் சட்டம் ஒரு சொத்தா பார்த்துச்சு, வீடு நிலம் மாதிரி. அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு வரும், விக்கலாம், சீதனமா குடுக்கலாம், அதுக்காக கோர்ட்டுல கேஸ் போடலாம். சர்ச் சொல்றது வேற: சாமியாரை நியமிக்கிறது ஆன்மீக காரியம், அந்த கேஸ் எங்க கோர்ட்டுக்குத்தான் வரணும். 1164லயே ரெண்டாம் ஹென்றி கிளாரெண்டன்ல எழுதி வெச்ச விதிகள்ல முதல் விதியே இதுதான், இந்த உரிமை பத்தின தகராறு ராஜா கோர்ட்டுலதான் நடக்கணும்னு. அந்த விதிகளை எதிர்த்த ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட் 1170 டிசம்பர் 29 அன்னைக்கு கேன்டர்பரி கதீட்ரல் உள்ளயே வெட்டுப்பட்டு செத்தாரு. சர்ச் கோர்ட்டு பத்தின பல விஷயத்துல அதுக்கப்புறம் ராஜா விட்டுக்குடுத்தாரு, ஆனா இந்த நியமன உரிமை கேஸை மட்டும் ராஜா கோர்ட்டு கடைசி வரைக்கும் கையை விட்டு விடல. அதை மனசுல வெச்சுக்கோங்க, பிரெமுனைரிக்கு வேர் அங்க இருக்கு.

அடுத்த 200 வருஷத்துல போப்போட ஆட்சி நிர்வாகம் பெருசாகிட்டே வந்துச்சு. ஒரு பதவி காலியாகுறதுக்கு முன்னாடியே அது இன்னாருக்குன்னு போப் எழுதிக் குடுக்குற வழக்கம் வந்துச்சு, இதுக்கு ப்ரொவிஷன்னு பேரு. இப்ப அந்த நிலப்பிரபு ஒரு ஆளை அனுப்புறான், போப்போட ஓலையோட இன்னொரு ஆள் வந்து நிக்கிறான். நிலப்பிரபு ராஜா கோர்ட்டுல ஜெயிக்கிறான். தோத்தவன் கப்பலேறி போப்போட கோர்ட்டுக்குப் போயி அப்பீல் போட்டு, ஜெயிச்சவனையும் அந்தத் தீர்ப்பை நிறைவேத்தின பிஷப்பையும் சபை விலக்கம் பண்ண, அதாவது திருச்சபையை விட்டே தள்ளி வெக்கச் சொல்றான். பிரச்சனையோட முடிச்சு இந்த இடத்துலதான் விழுது. இதுக்கு மேல காலமும் சேந்துக்கிச்சு: 1309ல இருந்து போப்கள் ரோம்ல இல்ல, இப்ப பிரான்சுல இருக்குற அவிஞான் ஊர்ல இருந்தாங்க, வரிசையா வந்தவங்க எல்லாம் பிரெஞ்சுக்காரங்க. 1337ல இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை ஆரம்பிச்சிருச்சு. நம்ம ஊரு சர்ச் வருமானம் எதிரியோட கூட்டாளி பாக்கெட்டுக்குப் போகுதுன்னு பார்லிமெண்டுல கத்தினாங்க. அந்தக் கத்தல்ல நியாயம் இருக்கு, மிகையும் இருக்கு. போப்போட ப்ரொவிஷன்ல பதவி வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க இங்கிலாந்துக்காரங்களேதான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ்ல படிச்சிட்டு ஆதரவுக்கு ஒரு பிரபு இல்லாத பட்டதாரிக்கு போப்போட ஓலைதான் வேலை கிடைக்க வழியா இருந்துச்சு, இந்த சட்டங்கள் வந்தப்புறம் எங்க ஆளுங்களுக்கு வேலை கிடைக்கலன்னு அந்த யூனிவர்சிட்டிகளே புலம்பியிருக்கு. ராஜாவும் தன்னோட குமாஸ்தாக்களுக்கு சம்பளம் குடுக்குறதுக்குப் பதிலா போப்கிட்ட சொல்லி ஒரு சர்ச் பதவி வாங்கிக் குடுத்துருவாரு.

இந்த நிலைமையில மூணாம் எட்வர்டு காலத்துல 1351ல ப்ரொவைசர்ஸ் சட்டம் வந்துச்சு, போப்போட ஓலையை வெச்சு பதவி புடிக்கிறதுக்கு எதிரா. ரெண்டு வருஷம் கழிச்சு, 1353ல, முதல் பிரெமுனைரி சட்டம். என்ன சொல்லுதுன்னா, ராஜா கோர்ட்டு விசாரிக்க வேண்டிய கேஸை, இல்ல ராஜா கோர்ட்டு தீர்ப்பு சொல்லி முடிச்ச கேஸை, யாராவது நாட்டுக்கு வெளிய இருக்குற கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போனா, அவனுக்கு ரெண்டு மாசம் அவகாசம் குடுத்து நோட்டீஸ் அனுப்பணும், வந்து பதில் சொல்லலன்னா அவன் ராஜாவோட பாதுகாப்புக்கு வெளிய, நிலம் பொருள் எல்லாம் பறிமுதல், ஆள் கிடைச்சா ராஜா விரும்புற வரைக்கும் ஜெயில். இந்த சட்டத்துல போப்ங்குற சொல்லே கிடையாது. கிளாஸ்ல இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, எடுத்துப் படிச்சுக் காட்டுவேன். யாரைச் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா எழுத்துல வைக்கல. 1365ல இதையே திரும்பப் போட்டப்பதான் ரோம் கோர்ட்டுன்னு பேரு சொல்லி எழுதினாங்க. அதுக்கு அடுத்த வருஷம் இன்னொண்ணு நடந்துச்சு. 1213ல ஜான் ராஜா நாட்டையே போப்புக்கு எழுதிக் குடுத்து, வருஷத்துக்கு ஆயிரம் மார்க் கப்பம் கட்டுறேன்னு ஒத்துக்கிட்டிருந்தாரு. அந்தக் கப்பம் 1333க்கு அப்புறம் கட்டாம கிடந்துச்சு, போப் பாக்கி கேட்டப்ப, ஜான் அப்படி எழுதிக் குடுக்க உரிமையே இல்லன்னு 1366ல பார்லிமெண்ட் சொல்லிடுச்சு.

உங்க வீடியோ சொல்ற 1393 சட்டம் இதுக்கு அப்புறம், ரெண்டாம் ரிச்சர்டு காலத்துல, வின்செஸ்டர்ல கூடின பார்லிமெண்டுல வந்தது. அதோட முன்பாதியை படிச்சா ஒரு கூட்டத்துல நாமளும் ஓரமா நிக்கிற மாதிரி இருக்கும். பார்லிமெண்டுல பிரபுக்கள் அல்லாத பிரதிநிதிகள் உக்காருற காமன்ஸ் சபை வந்து சொல்லுது: நியமன உரிமை கேஸ்ல ராஜா கோர்ட்டு தீர்ப்பை நிறைவேத்தின பிஷப்புகளை போப் சபை விலக்கம் பண்றாரு, இன்னும் சில பிஷப்புகளை ராஜாவைக் கேக்காம நாட்டை விட்டு வெளியவோ ஒரு மறைமாவட்டத்துல இருந்து இன்னொண்ணுக்கோ மாத்தப் போறாருன்னு பேச்சு அடிபடுது, ராஜாவுக்கு ஆலோசனை சொல்ற பிஷப்புகளை இப்படிப் புடுங்கிட்டா என்ன ஆகும். அந்த இடத்துலதான் அந்த பிரபலமான வரி வருது, இங்கிலாந்து மகுடம் எப்பவும் சுதந்திரமா இருந்திருக்கு, பூமியில யாருக்கும் அது அடங்கினது இல்ல, மகுடத்தோட உரிமை சம்பந்தப்பட்ட எல்லாத்துலயும் நேரா கடவுளுக்கு மட்டுந்தான் அடங்கினதுன்னு. 180 வருஷம் முன்னாடி ஜான் செஞ்சதை வெச்சுப் பார்த்தா "எப்பவும்"ங்குற சொல் எவ்வளவு பெரிய சொல்னு புரியும். அப்புறம் பிரபுக்களைத் தனித்தனியா கேக்குறாங்க, நீங்க யாரு பக்கம்னு. நாங்க மகுடத்தோட நிக்கிறோம்னு அவங்க சொல்லிடுறாங்க. பிஷப்புகளைக் கேக்குறாங்க. அவங்க பதிலைக் கவனிங்க: போப்புக்கு சபை விலக்கம் பண்ண அதிகாரம் இல்லன்னு நாங்க சொல்லல, பிஷப்பை மாத்த அதிகாரம் இல்லன்னும் சொல்லல, அதை மறுக்குற எண்ணம் எங்களுக்கு இல்ல, ஆனா இந்த மாதிரி கேஸ்ல அப்படி யாராவது செஞ்சா அது ராஜாவுக்கும் மகுடத்துக்கும் விரோதம், அப்ப நாங்க ராஜாவோட நிப்போம். ஆர்ச்பிஷப் வில்லியம் கோர்ட்னி இதை வார்த்தை வார்த்தையா அளந்து சொல்லியிருக்காரு. போப்பை மறுக்குற ஒரு கூட்டத்தோட பேச்சா இது தெரியல. ரெண்டு எஜமானுக்கும் சத்தியம் பண்ணிக் குடுத்தவங்க, ரெண்டு சத்தியமும் முட்டிக்காம நடந்து போக ஒரு ஒத்தையடிப்பாதை தேடுறாங்க.

இதுக்கு அப்புறம் சட்டம் உத்தரவு போடுற பகுதி. ரோம் கோர்ட்டுலயோ வேற எங்கயோ, இந்த மாதிரி இடமாற்றம், வழக்கு, சபை விலக்கத் தீர்ப்பு, போப்போட ஆணைகள், "ராஜாவுக்கும் அவரோட மகுடத்துக்கும் உரிமைக்கும் நாட்டுக்கும் எதிரான வேற எதுவும்" வாங்கினாலோ கொண்டு வந்தாலோ அதே பிரெமுனைரி தண்டனை. அந்த "வேற எதுவும்"ங்குற வால்தான் பின்னாடி எல்லா வினையும் பண்ணிச்சு. இது எவ்வளவு தூரம் நீளும்? நியமன உரிமை கேஸ், பிஷப் இடமாற்றம், இந்த ரெண்டு குறிப்பான தகராறுக்குள்ள அடங்குமா, இல்ல போப்கிட்ட இருந்து வர்ற எதுக்கும் பொருந்துமா? சட்டத்துல பதில் இல்ல. பழைய புத்தகங்கள் இதை போப் அதிகாரத்துக்கு எதிரா போட்ட மாபெரும் சட்டம்னு எழுதிச்சு. 1922ல டபிள்யூ. டி. வா (Waugh) அப்படிங்குற ஆராய்ச்சியாளர், அந்தக் காலத்து ஆட்கள் இதை அப்படிப் பாக்கவே இல்ல, அன்னைக்கு இருந்த ஒரு குறிப்பான நெருக்கடிக்கு போட்ட குறுகலான சட்டம் இதுன்னு வாதம் பண்ணாரு. எனக்கு அவர் சொன்னதுதான் சரின்னு படுது, ஏன்னா அடுத்து நடந்தது அதுக்கு ஒத்து வருது. ஆனா இது என் முடிவுதான், அப்படிப் பாக்காதவங்களும் இருக்காங்க.

அடுத்து என்ன நடந்துச்சு? அஞ்சே வருஷத்துல, 1398ல, அதே ரிச்சர்டு அதே போப் ஒன்பதாம் போனிஃபேஸோட ஒப்பந்தம் போட்டாரு. பிஷப் நியமனத்துல ஒரு நடைமுறை நிலையா நின்னுச்சு: ராஜா ஒரு பேரைச் சொல்லுவாரு, போப் அந்தப் பேருக்கு ப்ரொவிஷன் குடுப்பாரு, புது பிஷப் வந்து ராஜாகிட்ட பணிவு சொல்லி சொத்தை வாங்கிப்பாரு. ரெண்டு பேருக்கும் மானம் போகாது. சட்டம் ராஜாவோட மேஜைக்குக் கீழ ஒரு கத்தி மாதிரி இருந்துச்சு, பேரம் படியலன்னா லேசா எடுத்துக் காட்டலாம். ரோம்ல இருந்தவங்களுக்கு இது உறுத்தல்தான். 1417ல வந்த போப் அஞ்சாம் மார்ட்டின் இந்த வகை சட்டங்களை ரத்து பண்ணியே ஆகணும்னு அழுத்தம் குடுத்து, ஆர்ச்பிஷப் ஹென்றி சிச்சலியோட அதிகாரத்தையே நிறுத்தி வெச்சாரு. 1428 ஜனவரியில சிச்சலி காமன்ஸ் சபைக்கு நேரா போயி, கண்ணீர் விட்டு, இதை எடுத்துடுங்கன்னு கெஞ்சினாரு. எடுக்கல. இது மட்டும் உறுதியா தெரியுது, போப்போட சண்டைக்கு நிக்க விரும்பாத காலத்துலயும் கையில இருக்குறதை குடுத்துட அந்த சபை தயாரா இல்ல.

நீங்க கேட்ட 140 வருஷத்துல சட்டம் சும்மா கிடக்கல, அதோட குறி மாறிக்கிட்டே வந்துச்சு. சட்டத்துல "ரோம் கோர்ட்டுலயோ வேற எங்கயோ"ன்னு இருக்குல்ல, அந்த "வேற எங்கயோ"வைப் புடிச்சுக்கிட்டு, இங்கிலாந்துக்குள்ளயே இருக்குற பிஷப்போட கோர்ட்டும் அதுல வரும்னு வக்கீல்கள் வாதாட ஆரம்பிச்சாங்க. இதுக்கு நான் எப்பவும் சொல்ற கேஸ் ரிச்சர்டு ஹன்னோடது. லண்டன்ல வசதியான துணி வியாபாரி. 1511 மார்ச்ல அவரோட அஞ்சு வாரக் குழந்தை ஸ்டீஃபன் செத்துப் போச்சு. வொயிட்சேப்பல் சர்ச்ல அடக்கம் பண்ணாங்க. அடக்கத்துக்கு சாமியாருக்கு ஒரு பொருள் குடுக்குறது வழக்கம், சாமியார் கேட்டது அந்தக் குழந்தையைச் சுத்தியிருந்த ஞானஸ்நானத் துணி. ஹன் குடுக்க மாட்டேன்னுட்டாரு, செத்த குழந்தைக்கு சொத்துன்னு எதுவும் கிடையாது, அந்தத் துணி குழந்தையோடது ஆகாதுன்னு. விலை ஒண்ணும் பெருசு இல்ல. 1512ல சாமியார் லாம்பெத்துல இருந்த ஆர்ச்பிஷப் கோர்ட்டுல கேஸ் போட்டு ஜெயிச்சாரு. அந்த வருஷம் டிசம்பர் 27 சாயங்காலம் ஹன் பூசைக்கு சர்ச்சுக்குள்ள வர்றாரு, அங்க இருந்த சாமியார் எல்லார் முன்னாடியும், நீ சபிக்கப்பட்டவன், வெளிய போ, நீ உள்ள இருக்குற வரைக்கும் நான் பூசை சொல்ல மாட்டேன்னு நிறுத்திட்டாரு. ஒரு வியாபாரிக்கு இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிங்க, சபை விலக்கம் ஆனவன்கூட கொடுக்கல் வாங்கல் வெச்சுக்க ஊரே தயங்கும். 1513 ஜனவரியில ஹன் ராஜா கோர்ட்டுல ரெண்டு கேஸ் போட்டாரு, ஒண்ணு அவதூறு, இன்னொண்ணு பிரெமுனைரி. ஆர்ச்பிஷப்போட கோர்ட்டு போப்போட பிரதிநிதிங்குற அதிகாரத்துல உக்காருது, அப்ப அது வெளிநாட்டு அதிகாரம், என்னை அங்க இழுத்தது 1393 சட்டப்படி குற்றம். வாதம் ஜெயிச்சிருந்தா இங்கிலாந்துல இருந்த சர்ச் கோர்ட்டு பூராவும் ஆட்டம் கண்டிருக்கும்.

கேஸ் முடியவே இல்ல. 1514 அக்டோபர்ல ஹன்னை மதத்துரோகக் குற்றத்துல புடிச்சு செயின்ட் பால் கதீட்ரல்ல லொல்லார்டு கோபுரத்துல அடைச்சாங்க, டிசம்பர் 4 காலையில பார்த்தா தூக்குல செத்துத் தொங்கிட்டு இருந்தாரு. தற்கொலைன்னு சர்ச் தரப்பு. சந்தேக மரணத்தை விசாரிக்கிற கரோனர் ஜூரி போயி உடம்பைப் பார்த்துட்டு இது கொலைன்னு சொல்லி, பிஷப்போட அதிகாரி வில்லியம் ஹார்ஸியையும் காவலுக்கு இருந்த ரெண்டு பேரையும் குற்றவாளின்னுச்சு. அதையும் மீறி செத்த மனுஷனை மதத்துரோகின்னு விசாரிச்சு டிசம்பர் 20 அன்னைக்கு பொணத்தை எரிச்சாங்க. அவர் உண்மையில மதத்துரோகக் கருத்து வெச்சிருந்தாரா, கொலையா தற்கொலையாங்குறதுல இன்னைக்கு வரைக்கும் ஒத்த கருத்து இல்ல. ஜூரி சொன்னதை சுலபத்துல தள்ளிட முடியாதுன்னு நான் நினைக்கிறேன். என்னவா இருந்தாலும், லண்டன் ஜனங்க இதை மறக்கல. அடுத்த வருஷம் இது சம்பந்தமா நடந்த விவாதத்துல இளம் எட்டாம் ஹென்றி, இங்கிலாந்து ராஜாக்களுக்கு கடவுளைத் தவிர மேல யாரும் இருந்தது இல்லன்னு பிஷப்புகள் முன்னாடி சொன்னாரு. 1393 சட்டத்தோட வரி அப்படியே எதிரொலிக்குது பாருங்க. ஆனா அப்ப அவர் போப்போட சிநேகிதர், பிரிஞ்சு போற எண்ணம் துளிகூட இல்ல.

இப்ப 1529. ஹென்றிக்கு தன் ராணி கேத்தரினோட நடந்த கல்யாணத்தை ரத்து பண்ணணும், போப் ஏழாம் கிளமென்ட் தீர்ப்பு குடுக்க மாட்டேங்குறாரு, அந்த வேலையை முடிச்சுத் தர்றேன்னு சொன்ன கர்தினால் வுல்ஸியால முடியல. அக்டோபர்ல வுல்ஸி மேல பிரெமுனைரி வழக்கு. குற்றம் என்னன்னா, போப்போட பிரதிநிதியா இருந்து இங்கிலாந்துல அதிகாரம் நடத்தினாராம். அந்தப் பதவியை போப்கிட்ட கேட்டு வாங்கிக் குடுத்ததே ஹென்றிதான், பத்து வருஷத்துக்கு மேல அதால லாபம் அடைஞ்சதும் ஹென்றிதான். வுல்ஸி வாதாடல, குற்றத்தை ஒத்துக்கிட்டாரு. சொத்து எல்லாம் ராஜாவுக்கு, லண்டன்ல அவர் இருந்த யார்க் பிளேஸ் வொயிட்ஹால் அரண்மனை ஆச்சு. மன்னிப்பு கிடைச்சும், அடுத்த வருஷம் தேசத்துரோகக் குற்றத்துல புடிச்சு லண்டனுக்குக் கூட்டிட்டு வர்ற வழியில லெஸ்டர்ல நவம்பர் 29 அன்னைக்கு செத்தாரு. இந்தக் கேஸைப் படிக்கிறப்ப எனக்கு எப்பவும் கோபம் வரும். வுல்ஸி நல்லவர்னு சொல்ல வரல. ஒரு ராஜா தானே சம்மதிச்ச காரியத்தை பின்னாடி குற்றம்னு எடுத்தா, சட்டம்னு ஒண்ணு இருக்குறதுல யாருக்கு என்ன பாதுகாப்பு.

அடுத்து நடந்தது இன்னும் பெருசு. வுல்ஸியோட அதிகாரத்தை ஏத்துக்கிட்டதுக்காக பதினஞ்சு குருமார் மேல 1530ல வழக்கு, அதுல ரோச்செஸ்டர் பிஷப் ஜான் ஃபிஷரும் உண்டு. 1531ல அது குருமார் கூட்டம் மொத்தத்துக்கும் விரிஞ்சுது, கடைசியில சர்ச் கோர்ட்டு நடத்தினதே குற்றம்ங்குற அளவுக்கு. கேன்டர்பரி மாகாணக் குருமார் ஒரு லட்சம் பவுண்டு, யார்க் மாகாணம் 18,840 பவுண்டு குடுத்து மன்னிப்பு வாங்கினாங்க. ஒரு லட்சம்னா அப்ப ராஜாவோட சாதாரண ஒரு வருஷ வருமானத்துக்குக் கிட்டத்தட்ட சமம். பணத்தோட நிறுத்தல, என்னை இங்கிலாந்து திருச்சபையோட தலைவர்னு ஒத்துக்கோங்கன்னாரு. இழுபறி நடந்து, "கிறிஸ்துவோட சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு"ன்னு ஒரு ஒட்டு சேத்தாங்க. பிப்ரவரி 11, ஆர்ச்பிஷப் வார்ஹம் இதைச் சபையில வெச்சாரு. ஒருத்தரும் வாய் திறக்கல. பேசாம இருக்குறவங்க சம்மதிக்கிறதா அர்த்தம்னாரு வார்ஹம். அப்படின்னா நாங்க எல்லாரும் பேசாம இருக்கோம்னு ஒரு குரல் வந்துச்சு. கோர்ட்னி காலத்துல பிஷப்புகள் வார்த்தையை அளந்தாவது பேசினாங்க, இங்க அந்த அளவுக்குக்கூட இடம் இல்ல.

இதைப் பார்த்த காமன்ஸ் சபைக்கும் பயம் வந்துச்சு, சர்ச் கோர்ட்டுக்கு நாமளும்தானே கேஸ் கொண்டு போயிருக்கோம், நம்ம மேலயும் பாஞ்சா? அவங்களும் மன்னிப்பு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. பிரெமுனைரின்னா என்னன்னு இங்கிலாந்துல ஒருத்தருக்கும் புரியல, அது முழுக்க ராஜாவோட கற்பனையிலதான் இருக்குன்னு அப்ப லண்டன்ல இருந்த, புனித ரோமப் பேரரசரோட தூதர் ஷாப்வீ எழுதினாரு. ஷாப்வீ கேத்தரின் பக்கத்து ஆள், அதைக் கழிச்சுத்தான் படிக்கணும், ஆனாலும் இந்த ஒரு விஷயத்துல அவர் சொன்னது தப்பு இல்ல.

இப்ப உங்க முதல் கேள்வி, 1534ல புதுசா என்ன. 1393 சட்டம் போப்போட ஆன்மீக அதிகாரத்தை மறுக்கல, ராஜாவோட உரிமையில முட்டுற இடத்துல மட்டும் வேலி போட்டுச்சு. பிரெமுனைரியால எவ்வளவு பேரைப் பயமுறுத்தினாலும், கல்யாண ரத்து அப்பீல் ரோமுக்குப் போறதை அது தன்னால தடுக்காது, ஏன்னா கல்யாணம் ராஜா கோர்ட்டு விஷயமா எப்பவும் இருந்தது இல்ல. அதனாலதான் 1533ல அப்பீல் தடைச் சட்டம்னு தனியா ஒண்ணு வேண்டியிருந்துச்சு, இங்கிலாந்து ஒரு பேரரசு, இங்க ஆன்மீக வழக்கும் இங்கயே முடியணும்னு. மீறினா தண்டனை? 1393ல சொன்ன அதே தண்டனைன்னு எழுதினாங்க. ராஜாவையே திருச்சபைத் தலைவர்னு சொன்ன 1534 தலைமைச் சட்டத்துல "கிறிஸ்துவோட சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு"ங்குற ஒட்டு காணாமப் போச்சு. இந்த மாற்றம் எவ்வளவு பெருசுங்குறதுக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். அந்தக் கல்யாணத்தை ரத்துன்னு தீர்ப்பு சொன்ன தாமஸ் கிரான்மர் 1533 மார்ச் 30 அன்னைக்கு ஆர்ச்பிஷப்பா பட்டம் ஏறினப்ப, அதுக்கான ஆணைகள் முறைப்படி போப் கிளமென்ட்கிட்ட இருந்து வந்திருந்துச்சு. 1393க்கு அப்புறம் 140 வருஷமா பிஷப்புகள் ஏறின அதே படியிலதான் அவரும் ஏறினாரு. அப்புறம்தான் அந்தப் படியை எடுத்தாங்க.

பரவலா இருக்குற ஒரு தப்பையும் சொல்லிடுறேன், உங்க வீடியோவுலயும் இது இருக்கலாம். பிரெமுனைரிக்கு மரண தண்டனை கிடையாது, தேசத்துரோகம் வேற இது வேற. சொத்து பறிமுதல், ஜெயில், ராஜாவோட பாதுகாப்பு இல்ல, அவ்வளவுதான். ஆனா பாதுகாப்பு இல்லன்னா அந்த ஆளை யாரு வேணா கொல்லலாம்னு ஒரு எண்ணம் இருந்துச்சு, முதலாம் எலிசபெத் காலத்து சட்டம் ஒண்ணு அப்படிக் கொல்லக்கூடாதுன்னு எழுதியே வெக்க வேண்டி வந்துச்சு. போப் சண்டை முடிஞ்சப்புறமும் இந்தத் தண்டனை வேற வேற ஆட்கள் மேல விழுந்துச்சு. ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன்னு சொன்ன குவேக்கர்கள்ங்குற கிறிஸ்தவப் பிரிவினர் மேல, சத்தியம் பண்றதே அவங்க நம்பிக்கைக்கு விரோதம், 1664ல மார்கரெட் ஃபெல் லங்காஸ்டர்ல இந்தத் தண்டனை வாங்கி நாலு வருஷம் உள்ள இருந்தாங்க. 1679 ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு) சட்டத்துல ஒரு நல்ல பயனும் கிடைச்சுது, கைதியை கடல் தாண்டி சிறைக்கு அனுப்புற அதிகாரிக்கு பிரெமுனைரி தண்டனைன்னு. 1847ல ஹாம்ப்டன்ங்குறவரை ஹியர்ஃபோர்டு பிஷப்பா நியமிச்சப்ப, அந்த கதீட்ரல் டீன், அதாவது அங்க இருந்த தலைமைக் குரு, நான் ஓட்டுப் போட மாட்டேன்னு பிரதமர் ஜான் ரஸ்ஸலுக்கு எழுதினாரு. ராஜா தரப்பு சொன்ன ஆளைத் தேர்ந்தெடுக்கலன்னா பிரெமுனைரின்னு எட்டாம் ஹென்றி சட்டம் ஒண்ணு அப்பவும் உயிரோட இருந்துச்சு. சட்டத்தை மீறப் போறதா சொல்ற உங்க கடிதம் கிடைச்சுதுன்னு ரஸ்ஸல் ஒரே வரியில பதில் போட்டாரு. ஹாம்ப்டன் பிஷப் ஆனாரு.

1393 சட்டத்தை 1967ல குற்றவியல் சட்டம் கொண்டு வந்தப்பதான் ரத்து பண்ணாங்க. உங்களுக்கு நேரம் இருந்தா அந்தச் சட்டத்தோட மொழிபெயர்ப்பை எடுத்துப் படிங்க, ரெண்டு மூணு பக்கத்துக்கு மேல வராது. தண்டனை வர்ற கடைசிப் பகுதிக்கு நேரா போயிடாம, பிஷப்புகள் பதில் சொல்ற இடத்தை நிறுத்தி ரெண்டு தடவை படிங்க.